பழைய நிசான் லீஃப், 30 இலட்சத்துக்குள்: பற்றரியை எப்பிடிப் பாத்து வேண்டுறது?

வடமராட்சியான்:

எல்லாருக்கும் வணக்கம். பருத்தித்துறையில இருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்கு வேலைக்குப் போய்வர ஒரு பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் வேண்டுற யோசினை. போக வர 70 கி.மீ., கிழமைக்கு ஆறு நாள். கையில 30 இலட்சம் இருக்கு, அதுக்கு மேல ஏலாது. வீட்டில சிங்கிள் ஃபேஸ் 30 அம்பியர் லைன். மாசம் 110 யூனிற் அளவில போகுது. வேலையிடத்தில சார்ஜ் போட இப்போதைக்கு வழியில்லை.

விளம்பரத்தில வாறது முக்கால்வாசியும் 2012, 2013 தயாரிப்பு, 24 கிலோவாட் மணி பற்றரி. ஒருத்தர் 33 கேக்கிறார், "12 கோடும் நிக்குது, புதுப் பற்றரி மாதிரி" எண்டுறார். இன்னொருத்தர் 29 கேக்கிறார், ஆனா 9 கோடுதான். மீற்றரில பற்றரிக் கொள்ளளவு காட்டுற இந்தக் கோட்டைப் பாத்து முடிவெடுக்கலாமோ? 9 கோட்டில 70 கி.மீ. ஏசி போட்டு ஓடுமோ? போய்ப் பாக்கேக்க என்னென்ன சோதிக்க வேணும்? விபரம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஏசி_டிசி:

அந்த 12 கோட்டை முதலில் மறந்துவிடுங்கள். 2013 வண்டி, நம்முடைய வெயிலில் ஓடியது, 12 கோடு காட்டுகிறது என்றால் மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்கும். பற்றரி மாற்றியிருக்கிறார்கள், அல்லது வண்டி ஜப்பானிலிருந்து பிந்தி வந்து இங்கே கொஞ்சக் காலமே ஓடியிருக்கிறது, அல்லது பற்றரிக் கணினியின் தேய்மானக் கணக்கை அழித்திருக்கிறார்கள். முதலாவதுக்குப் பற்றுச்சீட்டு இருக்கும். இரண்டாவதுக்கு ஏல அறிக்கையும் இறக்குமதித் தாளும் இருக்கும். 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால், பதிவுத் திகதியைப் பார்த்தாலே பாதி விளங்கும். தாள் ஒன்றுமே இல்லை என்றால் மூன்றாவதுதான்.

கணக்கை அழிப்பது ஒரு லப்டொப்பும் வயரும் இருந்தால் சில நிமிட வேலை. அழித்த பிறகு கணினி பற்றரியைப் புதிது என்று நம்பி 12 கோடு காட்டும், தேய்வைத் திரும்பக் கண்டுபிடிக்கச் சில கிழமை எடுக்கும். அதற்குள் வண்டி கைமாறிவிடும். இப்படிப்பட்ட வண்டியில் சார்ஜ் வீதம் மேல்பாதியில் மெதுவாக, அழகாக இறங்கும். கீழே வந்ததும் வோல்ற்றேஜ் விழுந்து 30 வீதத்திலிருந்து மடமடவென்று சரியும். அதனால் 5 கி.மீ. ஓடிப் பார்ப்பது ஒன்றையும் சொல்லாது. மேலேயிருந்து கீழே வரை ஓட வேண்டும்.

கோடு என்பது மீற்றரின் வலது ஓரத்தில் இருக்கும் சின்னக் கட்டங்கள். அவை சமனாகப் பிரிக்கப்பட்டவை அல்ல. முதல் கோடு கொள்ளளவு 85 வீதத்துக்கு வரும்போது போகும், அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் 6.25 வீதத்துக்கு ஒன்று. ஆகவே 10 கோடு என்றால் 72.5க்கும் 78.75க்கும் இடையில். 9 கோடு 66.25க்கும் 72.5க்கும் இடையில். 8 கோடு 60 வரை. "12இல் 9, அப்ப 75 வீதம்" என்று தரகர் சொல்லும் கணக்கு பிழை.

கோட்டை விட்டு எண்ணைப் பாருங்கள். லீஃப் ஸ்பை புரோ செயலியும், வண்டிக் கணினியை ஃபோனோடு இணைக்கும் ஈ.எல்.எம். 327 புளூடூத் பிளக் ஒன்றும் வேண்டும். மலிவாக வரும் 2.1 பதிப்புப் பிளக்குகள் பெரும்பாலும் லீஃபோடு பேசாது. 1.5 பதிப்பு என்று கேட்டு வாங்குங்கள், முதலில் தெரிந்தவர் வண்டியில் போட்டுப் பாருங்கள். 24 பற்றரியில் பார்க்க வேண்டியவை இவை:

ஏ.எச்.: அம்பியர் மணி. புதிதில் 65, 66 இருக்கும். உங்கள் எண்ணை 65.5ஆல் பிரித்தால் எஸ்.ஓ.எச்., அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் எத்தனை வீதம் மிச்சம் என்பது, வரும்.

கிட்: பற்றரியில் இருக்கும் மின்சாரத்தை அளக்கும் அலகு. முழுச் சார்ஜில் புதிதுக்கு 281. ஒரு கிட் ஏறக்குறைய 77.5 வாட் மணி. முழுச் சார்ஜில் 190 கிட் என்றால் 14.7 யூனிற் கையில் இருக்கிறது. எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட இந்த எண் பிரதானம்.

எச்.எக்ஸ்.: உள்தடையைக் காட்டுவது. எஸ்.ஓ.எச்.ஐ விடக் குறைவாக நிற்பது வழமை, பயப்பட வேண்டாம். எஸ்.ஓ.எச். 99, எச்.எக்ஸ். 50 என்று இரண்டும் இரண்டு திசையில் நின்றால் கணக்கு அழித்த வண்டி என்று சந்தேகியுங்கள்.

செல் வோல்ற்றேஜ்: பற்றரிக்குள் 48 மொடியூல், ஒவ்வொன்றிலும் 4 செல், எல்லாம் 96 சோடியாகத் தொடரில் இருக்கும். செயலி 96 கம்பங்களாகக் காட்டும். முழுச் சார்ஜில் ஆகக் கூடியதுக்கும் குறைந்ததுக்கும் வித்தியாசம் 10, 20 மில்லிவோல்ற் என்றால் நல்லது. ஆனால் முழுச் சார்ஜில் எல்லாச் செல்லும் நல்ல பிள்ளைதான். நோஞ்சான் செல் கீழேதான் பிடிபடும். 25 வீதத்துக்குக் கீழே, ஆக்சிலரேற்றரை அழுத்தும் அந்த நொடியில் பாருங்கள். ஒரு கம்பம் மட்டும் 100 மில்லிவோல்ற்றுக்கு மேல் தனியாக விழுந்தால் அந்த மொடியூல் போய்க்கொண்டிருக்கிறது. சிவப்புக் கம்பங்களைக் கண்டு பதறாதீர்கள். சிவப்பு என்பது அந்தச் சோடியைச் சமன்செய்கிறது என்பதற்கு, பழுது என்பதற்கு அல்ல.

உங்கள் 70 கி.மீ.க்கு வருவோம். வடமராட்சி வீதி சமதரை, வேகம் 50, 60. ஏசியோடு ஒரு யூனிற்றுக்கு 7 கி.மீ. என்று வையுங்கள், 10 யூனிற் தேவை, அதாவது 129 கிட். மஞ்சள் எச்சரிக்கை லைற் 48, 49 கிட்டில் வரும். 129ஐயும் 49ஐயும் கூட்டினால் 178. முழுச் சார்ஜில் 178 கிட்டுக்குக் கீழே காட்டும் வண்டி உங்களுக்கு முதல்நாளே காணாது. 63, 64 வீத எஸ்.ஓ.எச். என்பதுதான் உங்கள் அடித்தளம். அதற்கு மேலே எத்தனை வருடத்துக்கு இடம் இருக்கிறது என்பதற்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். வருடத்துக்கு 3, 4 புள்ளி இறங்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பார்க்கப் போகிற நாளுக்கு முதல் இரவு முழுச் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லுங்கள். காலையில் வண்டி எடுக்க முதல் ஒரு ஸ்கிரீன்ஷொட். பிறகு ஏசி போட்டு 60இல் ஓடி 20, 25 வீதம் வரை இறக்குங்கள். இரண்டு மணித்தியாலம் போகும், விற்பவரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். திரும்பி வந்து அவருடைய கேபிளில் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். சாடெமோ வேகச் சார்ஜர் கிட்ட இருந்தால் அதிலும் பத்து நிமிடம்.

கராஜ்காரன்:

மேல சொன்னது பற்றரிக்கு. மிச்ச வண்டியையும் பாக்கோணும் தம்பி.

முதல் டிக்கியைத் திறவுங்கோ. பின் சீற்றுக்குப் பின்னால குறுக்க ஒரு மேடு இருந்தா அது பழைய இசட்ஈ0 மொடல், சார்ஜர் அதுக்குள்ள இருக்கு. மேடில்லாம தட்டையா இருந்தா பிந்தின ஏஇசட்ஈ0 மொடல். 2012 கடைசியில ஜப்பானில வந்தது, சார்ஜர் பொனற்றுக்குக் கீழ முன்னுக்குப் போயிட்டுது, வண்டியும் 80 கிலோ அளவில பாரம் குறைஞ்சது. ஒரே விலையெண்டா கண்ணை மூடிக்கொண்டு ஏஇசட்ஈ0. பிறகு பற்றரி மாத்த வேண்டி வந்தாலும் அதுக்குத்தான் வழி கூட.

ஏசி: லீஃபின்ர கொம்பிறசர் பற்றரி வோல்ற்றேஜில ஓடுறது. அதுக்கு பி.ஓ.ஈ. வகை ஒயில்தான் விடோணும். சாதாரண காருக்கு விடுற பி.ஏ.ஜி. ஒயில் மின்சாரத்தைக் கடத்தும். றோட்டுக்கரை ஏசிக் கடையில காஸ் அடிக்கேக்க அது கலந்திட்டா இன்சுலேஷன் பிழை காட்டி வண்டி "றெடி"க்கே வராது. கொம்பிறசர், குழாய் எல்லாம் கழுவி மாத்தினாலும் முழுசாத் தீராது. ஏசி கடைசியா எங்க செய்தது எண்டு கேளுங்கோ.

12 வோல்ற் பற்றரி சின்னதுதான், ஆனா அது செத்தா மீற்றரில எல்லா எச்சரிக்கை லைற்றும் கோயில் திருவிழா மாதிரி எரியும். கன பேர் பெரிய பற்றரி போச்சு எண்டு பயந்து வண்டியை அரை விலைக்குக் குடுத்திருக்கினம். இரவு நிண்ட வண்டியில 12.4 வோல்ற்றுக்குக் குறைய இருந்தா மாத்த வேண்டியதுதான். அந்தச் செலவை விலையில கழியுங்கோ.

பிறேக்: றீஜெனில, அதாவது மோட்டரே வேகத்தைக் குறைச்சுப் பற்றரிக்குச் சார்ஜ் ஏத்திற முறையில, ஓடுறபடியா டிஸ்க் கனக்கத் தேயாது, துருப் பிடிக்கும். கலிப்பர் இறுகியிருக்கும். கொஞ்சத் தூரம் ஓடி நிப்பாட்டி நாலு சில்லுக்குக் கிட்டவும் கை வைச்சுப் பாருங்கோ, ஒண்டு மட்டும் சுட்டா அது பிடிச்சுக்கொண்டு நிக்குது. கடற்கரைப் பக்க வண்டியெண்டா இதைக் கட்டாயம் பாருங்கோ.

ஸ்ரியறிங்கை முழுசா வெட்டி மெதுவா எடுக்கேக்க டிக் டிக் எண்டு வந்தா டிறைவ் சாஃப்ற். பள்ளத்தில விழுத்தேக்க டொக் எண்டா லோவர் ஆம் புஷ். பாரமான வண்டி, ரண்டும் வழமைதான், பேரம் பேசத்தான் உதவும். கியர் பெட்டிக்கு மெற்றிக் எஸ் ஒயில், ஒண்டரை லீற்றருக்கும் குறைவு, மாத்தின மாதிரித் தெரியாட்டி மாத்திவிடுங்கோ.

வெள்ளத்தில நிண்டதோ எண்டு பாக்க பின் சீற்று முன்னால தரைக் காப்பெற்றுக்குக் கீழ ஒரு மூடி இருக்கு. அதுக்குள்ள செம்மஞ்சள் சேர்விஸ் பிளக். பிளக்கைத் தொடாதேங்கோ, மூடியை மட்டும் திறந்து சுத்திவர மண், நீர்க்கறை இருக்கோ எண்டு பாருங்கோ. பிறகு அடியில பற்றரிப் பெட்டி நசிஞ்சிருக்கோ, போல்ற்றுகளில புதுசாச் சாவி பட்ட அடையாளம் இருக்கோ. சாவி பட்டிருந்தா பெட்டி இறக்கினது. ஏன் இறக்கினது எண்டு கேளுங்கோ.

மூண்டு_ஃபேஸ்:

பற்றரி பற்றிப் பெரியவர்கள் பேசியாயிற்று. வீட்டு வயரிங் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சார்ஜிங் தீ விபத்து என்று கேள்விப்படுவதில் பலதும் வண்டியில் அல்ல, சுவரில் தொடங்குவது.

10 அம்பியரில் ஐந்து, ஆறு மணித்தியாலம் தொடர்ந்து இழுப்பது ஐயன் பெட்டி போட்டு எடுப்பது மாதிரி அல்ல. சாதாரண 13 அம்பியர் சதுரப் பின் சொக்கெற், பழையது என்றால் உள்ளே கவ்வு தளர்ந்திருக்கும், சூடேறிக் கருகும். சார்ஜிங்குக்குத் தனி லைன் இழுங்கள். விநியோகப் பெட்டியிலிருந்து 15 மீற்றருக்குள் என்றால் 7/0.67 வயர் (0.67 மி.மீ. இழை ஏழு) காணும், அதற்கு மேலே 7/0.85. 20 அம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் கூடினால் தானாக விழும் சுவிச்), முனையில் 16 அம்பியர் நீலத் தொழிற்சாலைச் சொக்கெற். 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிச் "ஏ" வகையாகத் தனியாகப் போடுங்கள். வீட்டில் இருக்கும் "ஏசி" வகை, சார்ஜரின் டிசிக் கசிவில் செயலிழந்து போய், தேவைப்படும் நேரம் விழாமல் நிற்கலாம். எர்த் கம்பி நல்லதாக இருக்க வேண்டும். எர்த் இல்லாவிட்டால் ஒழுங்கான சார்ஜிங் கேபிள் தொடங்கவே மாட்டாது. அதற்காக எர்த்தையும் நியூற்றலையும் சேர்த்துக் கட்டிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஆளை வாசலோடு அனுப்புங்கள்.

வண்டியோடு வரும் ஜப்பான் கேபிளில் 200 வோல்ற் என்று மட்டும் எழுதியிருந்தால் பிளக்கை வெட்டி நம்மூர் பிளக் பூட்டி ஓடாதீர்கள். 230 அல்லது 240 எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டியில் செருகும் முனை ரைப் 1, அம்பியர் 6, 8, 10, 13 என்று மாற்றக்கூடிய கேபிள் ஒன்று வாங்குங்கள். இதையும் வயரிங்கையும் சேர்த்து 30 இலட்சத்துக்குள்ளேயே ஒதுக்க வேண்டும்.

இனி பில். பற்றரியிலிருந்து நாளுக்கு 10 யூனிற் எடுத்தால் சுவரில் 11.5 வரை போகும். 26 நாளுக்கு 300 யூனிற். உங்கள் 110உம் சேர்ந்து 410. வீட்டுக் கட்டணத்தில் 180க்கு மேலே போகும் யூனிற் எல்லாம் ஆக உயர்ந்த படியில் விழும். "மின்சாரம் மலிவு" என்று சொல்பவர்கள் இந்தப் படியைச் சொல்வதில்லை. பகல், உச்சம், இரவு என்று நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டணம் உங்கள் இணைப்புக்குக் கிடைக்குமா என்று உங்கள் பிரதேச மின்சார அலுவலகத்தில் வண்டி வாங்க முதல் கேளுங்கள். இரவு 10.30இலிருந்து காலை 5.30 வரை ஏழு மணித்தியாலம், 10 அம்பியரில் 16 யூனிற் ஏறும், உங்களுக்குத் தாராளம். கூரையில் சோலார் இருந்தால் இந்தக் கணக்கே வேறு.

எது எப்படியானாலும் மாலை 6.30இலிருந்து 10.30 வரை போடாதீர்கள். வேலையால் வந்த கையோடு செருகினால் சூட்டோடு சூடு. லீஃப் பற்றரிக்குக் குளிர்விக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது, பெட்டி தானாக ஆற வேண்டியதுதான்.

சந்தேகப்பிராணி:

எல்லோரும் 24ஐத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. வேலையிடத்தில் சார்ஜ் இல்லாமல், ஒரே மூச்சில் 70 கி.மீ. தேவைப்படும் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது 24 என்பது கையிருப்பே இல்லாத வாழ்க்கை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால்? கிளிநொச்சிக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போக வேண்டி வந்தால்? யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி 65 கி.மீ. அளவில், அதுவும் ஏ9இல் 80இல் ஓடினால் யூனிற்றுக்கு 7 கி.மீ. கிடையாது, 6 கிடைத்தால் பெரிய காரியம்.

கொஞ்சம் பொறுத்து 30 பற்றரி வண்டி தேடச் சொல்வேன். 2015 கடைசியிலிருந்து வந்தது, முழுச் சார்ஜில் புதிதுக்கு 363 கிட். 70 வீதத்துக்குத் தேய்ந்தாலும் 254 கிட், உங்கள் 178க்கு மேலே நல்ல இடைவெளி. அதில் ஒரு விசயம்: 30இன் பற்றரிக் கணினி மென்பொருள் கொள்ளளவைக் குறைத்துக் காட்டியதை 2018இல் நிசானே ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. திருத்தம் ஏறாத வண்டியில் கோடு உண்மையை விடக் குறைவாக இருக்கலாம். விற்பவருக்கே அது தெரியாவிட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

மிற்சுபிஷி ஐ-மீவ் என்ற சின்ன மின்சாரக் காரை யாராவது சொன்னால்: 10.5 பற்றரி எம் வகையில் இருப்பது தோஷிபாவின் எஸ்சிஐபி செல், தேய்வது மிகக் குறைவு. ஆனால் உங்கள் 70 கி.மீ.க்கு அது மட்டுமட்டு. ரவுணுக்குள் மட்டும் ஓடுபவருக்கு நல்ல வண்டி.

ஏசி_டிசி:

30 கிடைத்தால் யார் வேண்டாம் என்றது? 30 இலட்சத்துக்குள் கிடைக்காது என்பதுதான் பிரச்சினை. கிளிநொச்சிச் செத்தவீட்டுக்கு வாடகைக் கார் பிடிக்கலாம். வருடத்தில் நாலு பயணத்துக்காகப் பற்றரிக்கு மேலதிகமாக இலட்சக்கணக்கில் கொடுப்பது கட்டுபடியாகாது. ஆனால் வேலையிடத்தில் சார்ஜ் இல்லாதது பற்றிச் சந்தேகப்பிராணி சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளியோடு கதைத்து 10 அம்பியரில் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் கிடைத்தாலே 4 யூனிற், இந்த வண்டியின் ஆயுளில் மூன்று வருடம் கூடும்.

வடமராட்சியான்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. ரண்டையும் போய்ப் பாத்தன்.

12 கோட்டுக்காரர் 5 கி.மீ.க்கு மேல ஓட விடமாட்டன் எண்டிட்டார், பிளக் போடவும் விடேல்லை. விட்டிட்டு வந்திட்டன்.

9 கோடு வண்டி 2013 தயாரிப்பு, டிக்கி தட்டை. 71,000 கி.மீ. காட்டுது. காலமை முழுச் சார்ஜில எடுத்தது: ஏ.எச். 43.9, எஸ்.ஓ.எச். 67, எச்.எக்ஸ். 51, கிட் 186, செல் வித்தியாசம் 18 மில்லிவோல்ற். சாடெமோவில சார்ஜ் போட்ட எண்ணிக்கை 60 சொச்சம். ஏசியோட 76 கி.மீ. ஓடினன், 23 வீதத்துக்கு வந்தது. மஞ்சள் லைற் 48 கிட்டில வந்தது. அந்த நேரம் அழுத்திப் பாக்க 37ஆம் கம்பம் 3.41 வோல்ற்றுக்கு விழுந்தது, மற்றதெல்லாம் 3.58 அளவில நிண்டது. காலை எடுக்கத் திரும்ப ஏறீட்டுது. பற்றரி வெப்பக் கோடு ஆறு. சார்ஜ் ஏறினது. 12 வோல்ற் காலமை 12.1. இடப்பக்க முன் சில்லு மற்றதுகளை விடச் சூடு.

29 கேட்டவர் 28க்கு வாறார். என்ன செய்யலாம்?

ஏசி_டிசி:

நல்ல சோதனை. இனி எண்கள் பேசும்.

43.9ஐ 65.5ஆல் பிரித்தால் 67. 281இல் 67 வீதம் 188, அவர் வண்டி 186 காட்டுகிறது. 76 கி.மீ.க்கு 143 கிட் அளவில் போயிருக்கிறது, 11.1 யூனிற், யூனிற்றுக்கு 6.8 கி.மீ. எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறது. ஆகவே கணக்கு அழிக்கவில்லை, விற்பவர் நேர்மையான ஆள்.

சிக்கல் 37. 170 மில்லிவோல்ற் தனியாக விழுகிறது. 37உம் 38உம் ஒரே மொடியூலுக்குள், 38 நன்றாக நிற்கிறது, ஆகவே போவது ஒரே ஒரு மொடியூல். தொடரில் ஒன்று முதலில் காலியானால் மற்ற 95இலும் சார்ஜ் மிஞ்சியிருந்தாலும் வண்டி ஆமை வேகத்துக்குப் போய்விடும். மஞ்சள் லைற்றுக்குப் பிறகு வழமையாக இருக்கும் 20 கி.மீ. இந்த வண்டியில் இருக்காது என்று வையுங்கள்.

உங்கள் 70 கி.மீ.க்கு 6.8 கணக்கில் 133 கிட். 186இல் கழித்தால் 53, லைற்றுக்குச் சற்று மேலே வீட்டுக்கு வருவீர்கள். மூன்று வருடத்தில் எஸ்.ஓ.எச். 57 என்றால் முழுச் சார்ஜில் 160 கிட், வீட்டுக்கு வரும்போது 27. அப்போது ஒவ்வொரு நாளும் மஞ்சள் லைற்றோடுதான். வேலையிடத்துப் பிளக் இல்லாமல் இந்த வண்டிக்கு ஒன்றரை வருடம்தான் நிம்மதி. பிளக் கிடைத்தால் நாலு வருடம் சொல்லலாம்.

28க்கு வேண்டாம். மொடியூல் வேலை, 12 வோல்ற் பற்றரி, கலிப்பர் மூன்றுக்கும் கராஜில் எழுத்தில் விலை வாங்கி, அதை 28இல் கழித்துச் சொல்லுங்கள். கீழ் இறக்கத்தில் எடுத்த ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டினால் அவரால் மறுக்க முடியாது. அடுத்து வருபவரிடமும் அதே 37தான் இருக்கும்.

கராஜ்காரன்:

மொடியூல் மாத்திறதெண்டா ஒரு விசயம் கவனம். புதுசு, 90 வீத மொடியூல் எண்டு தேடிக் காசைக் கொட்டாதேங்கோ. தொடரில ஆகக் குறைஞ்சதுதான் கணக்கு, மற்ற 47உம் 67இல நிக்கேக்க ஒண்டு 90இல இருந்து பிரயோசனமில்லை, சமன்செய்யிற வேலைதான் கூடும். கழட்டின பழைய பற்றரியில இருந்து 44, 48 அம்பியர் மணி அளந்து காட்டின மொடியூல் காணும். அளந்து காட்டாம "நல்லது அண்ணை" எண்டு சொன்னா வேண்டாதேங்கோ. பூட்ட முதல் அதின்ர வோல்ற்றேஜை மற்ற மொடியூல்களின்ர அளவுக்கு ஏத்தி இறக்கி ஒண்டாக்கோணும். அதைச் செய்யாமப் பூட்டினா லீஃபின்ர சமன்செய்யிற மின்னோட்டம் சின்னது, கிழமைக்கணக்கில எடுக்கும்.

பெட்டி 300 கிலோவுக்குக் கிட்ட. லிஃப்ற்றும் கீழ பிடிக்கிற மேசையும் இல்லாத இடத்தில குடுக்காதேங்கோ. சேர்விஸ் பிளக்கைக் கழட்டிப் பத்து நிமிசம் பொறுத்து, 1000 வோல்ற் கையுறை போட்டு வேலை செய்யிற ஆளோ எண்டு முதல் பாருங்கோ. உள்ள 360, 390 வோல்ற் டிசி, ஆளைப் பிடிச்சா விடாது. பெட்டியை மூடேக்க விளிம்புப் பசை ஒழுங்காப் போடோணும், இல்லாட்டி முதல் மாரியோட தண்ணி உள்ள போகும்.

முழுப் பற்றரி மாத்திற யோசினை பிறகு வந்தா: ஏஇசட்ஈ0 வண்டிக்கு இன்னொரு 24 போடலாம், ஆனா பற்றரியின்ர அடையாள எண்ணை வண்டிக் கணினியில பதியோணும். 30, 40 போட இடையில ஒரு மொழிபெயர்ப்புச் சிறு பலகை வேணும். அந்த வேலை தெரிஞ்ச ஆளைப் பிடிச்ச பிறகுதான் பற்றரிக்கு முற்பணம்.

சந்தேகப்பிராணி:

நான் இன்னும் 30 பக்கம்தான். ஆனால் அந்த எண்களுக்கு, விலை இறங்கினால், தப்பில்லை. தாளைக் கவனியுங்கள்: பதிவுச் சான்றிதழில் உரிமையாளர் பெயரும் உங்களுக்குக் கையெழுத்து வைக்கும் ஆளும் ஒருவராக இருக்க வேண்டும். "ஓப்பின் பேப்பரில் தாறன், பிறகு மாத்துங்கோ" என்றால் எழும்பி வாருங்கள். லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் வந்து பெயர் நீக்கின பிறகு மிச்சக் காசு. ஜப்பான் ஏல அறிக்கை கையில் இருந்தால் அதில் உள்ள கி.மீ.யையும் சசி எண்ணையும் ஒத்துப் பாருங்கள். 71,000 என்பது மீற்றர் சொல்வதுதானே.

வடமராட்சியான்:

முதலாளியோட கதைச்சன். பின்பக்க ஸ்ரோர் றூமில ஒரு லைன் இழுக்கச் சம்மதம், யூனிற் காசு நான் குடுக்கோணும், தனி மீற்றர் வைக்கச் சொல்லுறார். ஸ்ரோர் விநியோகப் பெட்டியில இருந்து 28 மீற்றர். 7/0.85 காணுமோ?

மூண்டு_ஃபேஸ்:

10 அம்பியருக்குக் காணும், வோல்ற்றேஜ் இறக்கம் 3 வோல்ற் அளவில் நிற்கும். குழாய்க்குள் இழுங்கள், எர்த்தும் அதே நீளத்துக்குத் தனி வயர். மீற்றரை ஸ்ரோர் பக்கம் வையுங்கள். இலக்கத்தைப் பார்க்க ஒவ்வொரு முறையும் முதலாளியின் அறைக்குப் போய் நிற்க வேண்டி வராது.